மன்றமா? வேலியா?

(தாம்பரத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

‘வருவாயும் வகுப்பும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் பொருளியல் கற்றவன் அல்லேன். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டி வருபவன். எந்த வீட்டில் எவ்வளவு வருவாய் என்பதைக் கட்டணம் கட்டும் நாளில் பிள்ளையின் முகம் பார்த்தே அறிந்துகொள்பவன். அந்த அறிவைக் கொண்டே பேசுகின்றேன். முதலில் என்மேல் உள்ள ஒரு குற்றத்தை உங்கள்முன் ஒப்புக்கொண்டுதான் தொடங்கவேண்டும்.

ஒரு மாலைப் பொழுது

2009ஆம் ஆண்டு. என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் பொறியியல் கற்று, நல்ல பதவியில் அமர்ந்து, நகரில் ஒரு பெரிய ‘கிளப்’பில் உறுப்பினராகியிருந்தார். “ஐயா, நீங்கள் ஒருநாள் அங்கு வந்து என்னோடு உணவருந்த வேண்டும்” என்று அழைத்தார். உண்மையான அன்பினால் அழைத்தார். நானும் வெளுத்த வேட்டியும் சட்டையும் அணிந்து, தாம்பரத்தில் தொடர்வண்டி ஏறிச் சென்றேன். வாயிற்காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டிக்கு இசைவில்லை, திறந்த செருப்புக்கும் இசைவில்லை என்றார். அவர் தமிழர். அவருடைய தந்தையாரும் வேட்டி கட்டியவராகத்தான் இருந்திருப்பார்.

மாணவர் ஓடிவந்தார். “ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கு இதுதான் ஒழுங்கு. வண்டியில் ஒரு காற்சட்டை வைத்திருக்கிறேன்” என்றார். அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்? வந்த வழியே திரும்பியிருக்க வேண்டும். வகுப்பறையில் தன்மானம் பற்றி எத்தனை பாடம் நடத்தியவன் நான்! ஆனால் நான் திரும்பவில்லை. மகிழுந்தின் பின்னிருக்கையில் குனிந்து அமர்ந்து, இடுப்பில் தளர்ந்த ஒரு காற்சட்டையையும், கால்விரலைக் கடித்த மூடுசெருப்பையும் அணிந்துகொண்டு உள்ளே சென்றேன். வேட்டியை மடித்துத் துணிப்பையில் வைத்து, உண்ணும்போதெல்லாம் அப்பையைக் காலுக்கடியில் வைத்திருந்தேன்.

உணவு பரிமாறிய இளைஞர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். “தண்ணீர் போதும், தம்பி” என்றேன். அவர் முகம் மலர்ந்து, குரலைத் தாழ்த்தி, “சரிங்க ஐயா” என்றார். ஏன் குரலைத் தாழ்த்தினார்? தமிழ்நாட்டின் தலைநகரில், ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் தமிழில் பேசுவதற்கு ஏன் குரல் தாழவேண்டும்? அந்த வினா இன்றுவரை என்னை விடவில்லை.

விடைபெறும்போது, இங்குச் சேர எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். மாணவர் சொன்ன தொகை, என் ஈராண்டுச் சம்பளத்தினும் மிகுதி.

சொல்லும் பொருளும்

நம்மவர் இத்தகைய இடத்திற்கு ‘மனமகிழ் மன்றம்’ என்று பெயர்ப்பலகை வைக்கின்றனர். தமிழ்ப் பெயர் என்று மகிழலாமா? கூடாது. சொல் தமிழ்ச்சொல்லே. ஆனால் அங்கே அது பொருந்தவில்லை.

மன்றம் என்பது ஊர்க்குப் பொதுவான வெளி. பொதியில் என்பது பொது இல்லம். அம்பலம் என்பது பலர் கூடும் இடம். இம்மூன்று சொற்களில் எதற்கும் கதவும் இல்லை, தாழும் இல்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரின் ஐவகை மன்றங்களைக் கூறுகின்றது. அவற்றுள் இலஞ்சி மன்றம் என்பது நீர்நிலையை உடையது. அதில் நீராடுவோர் யாவர்? உடற்குறை உற்றோரும், மெய் அழுகும் நோயுற்றோரும் ஆவர். அவர்கள் அந்நீரில் மூழ்கி எழுந்து நலம் பெற்றனர் என்கிறார் இளங்கோவடிகள். எவரை ஊர் ஒதுக்கியதோ, அவர்க்காகவே ஒரு குளம்! இன்றைய ‘மனமகிழ் மன்ற’த்து நீச்சற்குளத்தில், உறுப்பினரின் குழந்தையைத் தூக்கிவந்த பணிப்பெண் தன் காலை நனைத்துவிட முடியுமா? எண்ணிப் பாருங்கள்.

‘கழகம்’ என்ற சொல்லின் வாழ்வு இன்னும் வியப்புக்குரியது. திருக்குறளில் ‘சூது’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை இச்சொல்லைச் சூதாடும் இடம் என்ற பொருளிலேயே ஆள்கின்றார். பின்னர் அதுவே கற்றோர் கூடும் அவையைக் குறித்தது. நம் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள், தாம் 1911இல் நிறுவிய அமைப்பிற்குப் பின்னாளில் ‘பொதுநிலைக் கழகம்’ எனத் தனித்தமிழ்ப் பெயர் சூட்டினார். சூதாட்டக் களத்தைக் குறித்த சொல் பொதுநிலை அறிவைக் குறிக்கும் சொல்லாக உயர்ந்தது. அச்சொல்லை உயர்த்திய மண் இங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவில் இருக்கின்றது.

ஆங்கிலச் சொல்லையும் பார்ப்போம். ‘கிளப்’ என்றால் ஆங்கிலத்தில் தடி என்றும் பொருள், கூட்டவை என்றும் பொருள். இரண்டும் வேர் ஒன்றே. அவர்கள் சொல் அவர்களுக்குப் பொருந்துகின்றது. நமக்கு ஒரு சொல் வேண்டுமாயின், ‘வேலியகம்’ என்பேன்.

வேலி கட்டியவர் யார்?

சென்னையில் இவற்றின் வரலாறு நெடிது. 1832இல் தோன்றியது மெட்ராசு கிளப். ஆங்கிலர் ஆட்சிக்காலம் முழுவதும் இந்நாட்டார் எவரும் அதில் உறுப்பினராக முடியவில்லை. சமையலறையிலும் தோட்டத்திலும் நம்மவர், நாற்காலியில் அவர்கள். இந்தியரும் சேரத்தக்கதாகக் காசுமாபாலிட்டன் கிளப் 1873இல் எழுந்தது. சிம்கானா 1884இல் வந்தது. பழைய மெட்ராசு கிளப், அடையாறு கிளப்போடு 1963இல் இணைந்து, இன்று அடையாற்றங்கரையில் நிலைபெற்றுள்ளது.

வேலி முழுவதையும் வெள்ளையனே கொண்டுவந்தான் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு சொல்கின்றோம். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலையின் நுட்பம் போற்றத்தக்கதே. ஆனால் அக்குடத்தில் யார் பெயர் இடப்பட்டது? பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையும் உடையவர் பெயரே. அதுவும் பார்ப்பனர்க்குரிய ஊரின் அவை. நிலமற்ற உழவன் பெயரை எழுத ஓலை இல்லை. ‘வேலி’ என்பது நிலத்தின் அளவுமாம், அடைப்புமாம். ஆகவே ஆங்கிலன் நம்மிடையே ஏற்கெனவே நின்ற வேலிக்கு இரும்புக் கதவு மாட்டினான் என்பதே நேர்மையான கூற்று.

வேட்டி வென்ற ஆண்டு

2014 சூலை 11ஆம் நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சேப்பாக்கத்தில் தமிழ்நாடு மட்டைப்பந்துச் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. சென்னை உயர் முறைமன்ற நடுவர் அரிபரந்தாமன் அவர்கள் வேட்டி அணிந்து சென்றார். உள்ளே விடப்படவில்லை. வழக்கறிஞர்களும் அவ்வாறே தடுக்கப்பட்டனர். நாடே கொதித்தது. அன்றைய முதலமைச்சர் செயலலிதா சட்டமன்றத்தில் கண்டித்தார். அடுத்த திங்களே சட்டம் வந்தது. வேட்டியோ வேறு மரபுடையோ அணிந்தவரை உடையின் பொருட்டே பொது இடத்தில் தடுத்தல் குற்றம். தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 உருபா வரை தண்டம், உரிமமும் நீக்கப்படும். கிளப்புகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வந்தன.

செய்தி கேட்ட அன்று வகுப்பில் மாணவர்க்கு இனிப்பு வழங்கினேன். என் துணிப்பையில் சுருண்டு கிடந்த வேட்டிக்கு விடுதலை கிடைத்ததாக மகிழ்ந்தேன். இத்தகைய சட்டத்தின் அருமை, அஃது இல்லாத இடத்தைப் பார்த்தால் விளங்கும். 2017 சூனில், தில்லிக் குழிப்பந்து கிளப்பில், மேகாலய நாட்டுக் காசி இனத்துப் பெண்மணி ஒருவர் தம் மரபுடையில் விருந்தினராய் அமர்ந்திருந்தார். அவ்வுடை பணிப்பெண்ணின் உடைபோல் உள்ளது என்று கூறி, உண்டுகொண்டிருந்தவரை வெளியேறச் சொன்னார்கள்.

அங்கே சொல்லப்பட்டது என்ன? ‘உன் உடை அயலுடை’ என்பதன்று. ‘நீ வேலைக்காரிபோல் தோன்றுகிறாய்’ என்பதே! உடைக்குள்ளே ஒளிந்திருந்த வகுப்புப் பகை அங்கு வாய்திறந்து பேசிவிட்டது. அப்போதுதான் 2014இன் வெற்றியில் குறை எங்கே என்று எனக்குப் பட்டது. வேட்டி உள்ளே போயிற்று. வேட்டி கட்டி ஏர் உழுபவன், மூட்டை சுமப்பவன், நெசவு நெய்பவன் உள்ளே போனானா? போகவில்லை. கரையிட்ட பட்டு வேட்டி அணிந்த செல்வர் உள்ளே சென்றார். வாயிலில் நின்ற காவலர் வாயிலிலேயே நிற்கின்றார். தமிழுடைக்கு வழி திறந்த சட்டம், தமிழ் ஏழைக்கு வழி திறக்கவில்லை. உடை வேலியைக் காட்டிலும் உயரமானது கட்டண வேலி.

அந்த வேலியின் உயரம்

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் ஒருவர்க்குத் திங்கள் ஒன்றிற்கு ஆகும் செலவை 2022–23ஆம் ஆண்டு நடுவணரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நிரவிக் காட்டியது: 7,630 உருபா. நால்வர் கொண்ட குடும்பத்திற்குத் திங்களுக்கு ஏறத்தாழ 30,500 உருபா. கிளப்புகளின் நுழைவுக் கட்டணம் நூறாயிரக் கணக்கில் நிற்பது. ஒரு பேச்சுக்கு ஐந்து நூறாயிரம் என்றே கொள்வோம். அது நால்வர் குடும்பம் பதினாறு திங்கள் உண்டு, உடுத்து, வண்டியேறி, மருந்து வாங்கி வாழும் தொகை! அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டாக விதிக்கப்படும் சரக்கு, பணி வரி மட்டுமே 90,000. அஃது அதே குடும்பத்தின் ஏறத்தாழ மூன்று திங்கள் வாழ்வு.

பணம் இருந்தாலும் போதாது. முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், காத்திருப்புப் பட்டியல், குழுவினர் நேர்காணல் என்று அடுக்கடுக்கான வாயில்கள். அங்குள்ள சோறு நம் வீட்டுச் சோற்றினும் சுவையானதா? அங்குள்ள காற்று சிட்டலப்பாக்கம் ஏரிக்கரைக் காற்றினும் தூயதா? அப்படியானால் அத்துணைப் பெருந்தொகை எதற்கு விலை? ‘மற்றவர் இங்கு இல்லை’ என்பதற்கு விலை. பொருளை விற்பவனைக் கண்டிருக்கின்றோம். உழைப்பை விற்பவனைக் கண்டிருக்கின்றோம். பிறர் இல்லாமையை விற்கும் கடை இது ஒன்றே.

பொதுநிலத்தில் தனிவேலி

‘எங்கள் பணம், எங்கள் இடம், உனக்கென்ன?’ என்று கேட்பர். இடம் எவருடையது என்பதைத்தான் கேட்கவேண்டும். தாம்பரத்திலிருந்து நகருக்குச் செல்லும் வழியில் கிண்டியைக் காண்கிறீர்கள். அங்குக் குதிரைப் பந்தயக் கிளப்பின் வசமிருந்த நிலம் 160 ஏக்கருக்கு மேற்பட்டது. அது அரசு நிலம். 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டுக் குத்தகை எவ்வளவு? 614 உருபா 13 அணா. ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கு உருபா கூட ஆகவில்லை! இன்று நம் தாம்பரத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பவன், ஒரு நாளைக்கே அதைப்போல் பன்மடங்கு தருகின்றான்.

1970 முதல் உயர்த்திக் கேட்கப்பட்ட வாடகை நிலுவைக்காக நெடுங்காலம் வழக்கு நடந்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் முறைமன்றம் 730.86 கோடி உருபா செலுத்தப் பணித்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு குத்தகையை நீக்கி நிலத்தை எடுத்துக்கொண்டது. அக்டோபரில் அதன் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. அவ்வெளியில் மழைநீர் தேங்கக் குளங்களும் வெட்டப்பட்டன. வழக்குகள் அதன்பின்னும் ஓயவில்லை.

இங்கே வள்ளுவர் காலத்துக் ‘கழகம்’ நினைவுக்கு வருகின்றது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974இல் சட்டம் இயற்றியது. கலைஞர் ஆட்சி அது. ‘இது சூதன்று, திறன் விளையாட்டு’ என்று 1996இல் இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் பற்றி வழக்கறிஞர் வாதிடட்டும். என் கேள்வி ஒன்றே: ஊரார் நிலம் ஏக்கர் நான்கு உருபாவிற்குக் கிடைக்கும்போது, ஊரார் மட்டும் ஏன் வேலிக்கு வெளியே? வேளச்சேரியும் முடிச்சூரும் வெள்ளத்தில் மிதந்த 2015 திசம்பரை நாம் மறக்கவில்லை. நீர் நிற்க இடமின்றி வீட்டுக்குள் புகுந்தது. பொதுவெளி என்பது விளையாட்டுக்கு மட்டுமன்று, உயிருக்கும் காப்பு.

நம் தெருவுக்கு வந்த வலை

இவை பெருஞ்செல்வர் செய்தி, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். செல்வரின் வேலி ஏழையை வெளியே நிறுத்துகின்றது. நடுத்தரக் குடும்பத்தையோ ஆசை காட்டி இழுக்கின்றது.

பெருங்களத்தூரில் வாழும் ஆசிரிய நண்பர் ஒருவர்க்குத் தொலைபேசி வந்தது. ‘குலுக்கலில் உங்களுக்குப் பரிசு, மனைவியோடு வந்து பெற்றுக்கொள்ளுங்கள்’ என்றனர். சென்றார். மூன்று மணி நேரம் குளிரூட்டிய அறையில் அமர்த்திப் பேசினர். மலையிலும் கடற்கரையிலும் விடுமுறை இல்லங்கள், நீச்சற்குளம், ‘உங்களைப் போன்ற உயர்ந்தோர் மட்டும்’ என்றெல்லாம் படம் காட்டினர். ‘இன்று கையொப்பமிட்டால் பாதி விலை; நாளை இல்லை’ என்றனர். வாழ்நாளெல்லாம் இரண்டாம் வகுப்பில் சென்றவர், மனைவி முன்னிலையில் ‘உயர்ந்தோர்’ என்று அழைக்கப்பட்டதில் உருகிப்போனார். மகளின் திருமணத்திற்கென எடுத்த வைப்புநிதிக் கடனிலிருந்து பணம் கட்டினார்.

பிறகு? பள்ளி விடுமுறையில் அறை இல்லை. அறை இருக்கும் நாளில் விடுமுறை இல்லை. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பேணற் கட்டணம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஒப்பந்தத்தில் பதினான்காம் பக்கத்தைப் பார் என்றனர். அது பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்வழிப் படித்த அந்நண்பர் பொருள் அறியாத தாளில் கையொப்பமிட்டிருந்தார். ‘படித்துப் பார்க்க நேரம் கேட்க நாணினேன்’ என்றார் என்னிடம். மகிழுந்தின் பின்னிருக்கையில் நான் பட்டதும் அதே நாணந்தான். ஆகவே அவரை நான் கடிந்துகொள்ளவில்லை.

இத்தகையோர்க்கு வழி உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் வாழும் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து நூறாயிரம் வரை செலுத்தியிருப்பின் முறையீட்டுக் கட்டணமே இல்லை. ஈராண்டுக்குள் முறையிடவேண்டும். 1915 என்னும் எண்ணில் அறிவுரையும் கேட்கலாம். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டுவன

தோழர்களே! மூன்றே கூறி முடிக்கின்றேன். முதலாவது, தமிழில் இல்லாத ஒப்பந்தத்தில் கையொப்பமிடாதீர்கள். ‘தமிழில் தாருங்கள், படித்துவிட்டு நாளை வருகின்றேன்’ என்று சொல்லப் பழகுங்கள். அவ்வாறு சொல்ல வெட்கப்படும் இனத்தை எந்தச் சட்டமும் காப்பாற்ற முடியாது.

இரண்டாவது, பொதுநிலத்தில் யார் எவ்வளவு வாடகைக்கு இருக்கின்றனர் என்பதை ஒவ்வோர் ஊரிலும் கேளுங்கள். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் செம்பாக்கமும் அதில் அடங்கின. பெயர் பெரிதாயிற்று. பிள்ளைகள் பந்தெறிய வெளி பெருகிற்றா? முதியோர் அமர நிழல் பெருகிற்றா? புதிதாக எழும் அடுக்ககங்களுக்குள் ஒரு கிளப் இல்லம். வெளியே தெருவில் பிள்ளைகள். அந்த அடுக்ககத்திற்குத் தூய தமிழில் பெயர் வைத்தாலும் நான் மகிழமாட்டேன். வேலிக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவது தமிழ்ப்பணி ஆகாது.

மூன்றாவது, நாம் கூடும் இந்த இடத்தையே மன்றமாக்குவோம். மறைமலையடிகள் பல்லாவரத்து வீட்டில் சேர்த்த நூல்கள், அவர் 1950இல் மறைந்த பின், 1958இல் பொதுமக்கள் படிக்கும் நூலகமாயின. தமிழுக்குரிய செல்வம் எதுவாயினும் அவ்வாறு பொதுவாதல் வேண்டும். இக்கூட்டத்திற்கு ஆண்டு உறுப்பினர் கட்டணம் ஐம்பது உருபா என்று அறிகின்றேன். கட்ட இயலாதவரும் வரலாம் என்று பலகையில் எழுதி வையுங்கள். தெருவைக் கூட்டும் அம்மையார் வந்து முன்வரிசையில் அமரட்டும். அவர் அமரத் தயங்கினால், நம்மிடத்தும் ஏதோ ஒரு வேலி இருக்கின்றது என்று பொருள்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் மீண்டும் என்னை அழைத்தார். “ஐயா, இப்போது வேட்டியோடு வரலாம்” என்றார். “வருகிறேன் தம்பி. அன்று எனக்குத் தண்ணீர் தந்த இளைஞர் இன்னும் அங்கிருந்தால், அவரையும் நம்மோடு மேசையில் அமர்த்தி உண்ணச் சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, நம் வீட்டிலேயே உண்போம்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் அவர் வீட்டில் உண்டோம். தரையில் இலை போட்டிருந்தார். வண்டி ஓட்டும் தோழரும் எங்கள் வரிசையில் அமர்ந்திருந்தார்.